கடற்கன்னியின் நாக்கு எங்கே போனது?

வாசகர் கேள்வி – பதில்

தரம் 8 மாணவருக்கு டிஸ்னியின் ‘த லிட்டில் மெர்மெய்ட்’ படத்தைக் காட்டிப் பெண்நிலை நோக்கில் கலந்துரையாட விரும்புகிறேன். எப்படித் தொடங்குவது? – ஆசிரியை, களுவாஞ்சிகுடி

முழுப்படத்தையும் போடாதீர்கள். 1989 இல் வந்த படம் 83 நிமிடம்; இரண்டு பாடவேளை அடுத்தடுத்துக் கிடைத்தாலும் பேசத் தொடங்குமுன் மணி அடித்துவிடும். முதலில் டென்மார்க் எழுத்தாளர் அன்டர்சன் 1837 இல் எழுதிய மூலக்கதையை வாயால் சொல்லுங்கள். பிறகு படத்தில் கடற்கன்னி தன் குரலைக் கொடுத்துக் கால் பெறச் சூனியக்காரியுடன் பேரம் பேசும் காட்சியையும் கடைசிச் சண்டையையும் மட்டும் காட்டுங்கள். பலகையில் இரண்டு நிரல் கீறி, கதையில் இருந்தது எது, படத்தில் மாறியது எது என்று பிள்ளைகளையே எழுதவிடுங்கள். படம் எடுத்தவர் பெண்ணை எப்படிப் பார்த்தார் என்பது மாற்றிய இடங்களில்தான் தெரியும்.

கதையில் அவளுடைய நாக்கை அறுக்கிறார்கள். கால் வந்தபின் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. படத்தில் குரல் ஒரு சிப்பிக்குள் பத்திரமாக இருக்கிறது, வலியே இல்லை. கதையில் அவள் அழியாத ஆன்மாவையும் தேடுகிறாள். படத்தில் அந்தப் பேச்சே கிடையாது. ஆனால் பெரிய வெட்டு விழுந்தது அக்காமாருக்கு. தங்கையைக் காப்பாற்றத் தங்கள் கூந்தலைக் கொடுத்துக் கத்தி வாங்கி வந்தவர்கள், படத்தில் தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடுவதோடு சரி. அவளுக்குத் துணையாக நண்டும் மீனும் கடற்பறவையும் வருகின்றன, மூன்றும் ஆண். சூனியக்காரியைக் கொல்பவன் இளவரசன், கால் கொடுப்பவர் தகப்பன். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும்: இளவரசனைக் காணுமுன்பே அவளுக்குக் கரையில் ஆசை இருந்தது.

அடுத்து, எண்ணும் பயிற்சி. 10 நிமிடத் துண்டொன்றை எடுத்து, ஒருவர் பெண்குரலுக்கும் மற்றவர் ஆண்குரலுக்கும் கோடு போடட்டும். சொற்களை எண்ணி மாளாது. வாய் திறக்கும் தடவைகள் போதும். இங்கே வழக்கமாகப் பிழை விடுவது, நண்டையும் மீனையும் ஆண் கணக்கில் சேர்க்காமல் விடுவது. 2016 இல் கார்மென் ஃபோட், கரன் ஐசன்ஹவர் என்ற மொழியியலாளர் இருவர் எண்ணிப் பார்த்ததில் இந்தப் படத்தின் பேச்சில் 68 சதவீதம் ஆண்களுடையது. ‘அவளுக்குத்தான் குரலே இல்லையே’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். அப்போது குரல் போகுமுன் உள்ள பகுதியைத் தனியே எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கையோடு நின்றுவிடவும் கூடாது: 1959 இன் ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் 71 சதவீதம் பெண்பேச்சு, நாயகியோ தூங்குகிறாள்.

டிஸ்னி 2023 இல் மறுபடி எடுத்த ‘லிட்டில் மெர்மெய்ட்’டில் கப்பலை ஓட்டிச் சூனியக்காரியைக் கொல்பவள் நாயகியே. ஆனால் வாயடக்கமான பெண்ணைத்தான் ஆண்களுக்குப் பிடிக்கும் என்று சூனியக்காரி பாடும் பகுதியை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அது உடன்பாடில்லை. ஏமாற்றுக்காரியின் வாயில் வரும்போதுதான் அது பொய் என்று பிள்ளைக்கு உறைக்கும்.

நேரம் மிஞ்சினால் விபுலாநந்த அடிகளின் ‘நீரர மகளிர்’ பாடலை வாசியுங்கள். நம் மட்டக்களப்பு வாவியில் நீர்மகளிர் பாடுகிறார்கள், குரலை விற்கவில்லை.

ஆறு வயது மகள் சின்ட்ரெல்லா படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். நிறுத்தவா? – தாய், அக்கரைப்பற்று

நிறுத்தினால் ஆசை கூடும். அதே கதையை வேறு விதமாகவும் சொல்லுங்கள். டிஸ்னியின் 1950 படம் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697 இல் எழுதியதன் வழியில் போகிறது: தேவதை, பூசணிக்காய், கண்ணாடிச் செருப்பு. ஜெர்மனியின் கிரிம் சகோதரர் தொகுத்த கதையில் தேவதையே இல்லை. தாயின் புதைகுழியில் அவள் நட்டுக் கண்ணீரால் வளர்த்த மரமும் அதில் வந்திருக்கும் பறவையும்தான் உடுப்புத் தருகின்றன. (செருப்புக்குள் நுழைக்க அக்காமார் தங்கள் பாதத்தையே வெட்டுவதை இந்த வயதில் விட்டுவிடலாம்.)

பிறகு ஒன்று கேளுங்கள்: ‘அது அவள்ட வாப்பாட வீடுதானே, அவள் ஏன் விட்டுட்டுப் போறாள்?’ மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும் வீடுவளவு பெண்பெயரில் எழுதுவதும் நம் பக்க வழக்கம் என்பதால் பிள்ளைக்கு இது சட்டென்று பிடிபடும். அந்த வீட்டைக் கட்டப் பெற்றோர் படும் பாடு வேறு கதை.

மாற்றாந்தாய் ஏன் எப்போதும் கெட்டவள்? – மாணவன், கல்முனை

எப்போதும் அல்ல. கிரிம் சகோதரரின் 1812 பதிப்பில் ‘ஸ்னோ வைட்’டைக் கொல்லச் சொன்னவள் பெற்ற தாய். 1819 இல் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். டிஸ்னியின் 1937 படம் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அவளை எழுப்பும் முத்தத்தையும் சேர்த்தது. கிரிம்மின் பிந்திய பதிப்பில் முத்தம் கிடையாது. நஞ்சு அப்பிளைக் கடித்துச் செத்தவள்போல் கிடந்தவளின் பெட்டியைச் சுமந்தவர்கள் கால் தடுக்க, தொண்டையில் சிக்கிய அப்பிள் துண்டு வெளியே வந்து விழுகிறது, அவள் எழும்புகிறாள்.