தைச்சி, தினைக் கஞ்சி, வெந்நீர்: சீன நலவாழ்வு குறித்துக் கேள்வி பதில்

சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே பொருளைப் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் மெதுவான, தொடர் அசைவுகளால் ஆன சீன உடற்பயிற்சியான தைச்சியின் பயிற்றுநர், மருத்துவர் அல்லன். மருந்து தொடர்பான பதில்களைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி (அங் மோ கியோ): என் தாயாருக்கு வயது 68, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் காலையில் நடக்கும் தைச்சி வகுப்பில் சேர விரும்புகிறார். வலி கூடிவிடுமோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: தாராளமாகச் சேரட்டும். முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்காக அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் தைச்சி உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. முதியவர்கள் தடுமாறி விழுவதும் இப்பயிற்சியால் குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்த இரண்டாவது பயனையே நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால், அதன் பிறகு பழைய நடமாட்டம் திரும்பாதவர்கள் பலர்.

கீழ்த்தள வகுப்புகளில் பெரும்பாலும் கற்றுத்தரப்படுவது, 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை தைச்சியின் யாங் மரபிலிருந்து சுருக்கி அமைத்த 24 அசைவுகள் கொண்ட வரிசை. முழுவதையும் செய்து முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். ஹெனான் மாநிலத்துச் சென் கிராமத்தின் பழைய மரபிலுள்ள தாவல்களும், வலுவைத் திடீரென வெளிப்படுத்தும் குத்துகளும் இதில் இல்லை.

முழங்காலுக்குக் கேடு இரண்டு தவறுகளால் வருகிறது. அளவுக்கு மீறித் தாழ்ந்து நிற்பது ஒன்று. உடல் எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போதே இடுப்பைத் திருப்பி, முழங்காலை முறுக்கிவிடுவது மற்றொன்று. அடி எடுத்து வைக்கும்போது குதிகால் மட்டும், எடையே இல்லாமல், தரையைத் தொட வேண்டும். பிறகுதான் பாதம் படிய வேண்டும். அதன் பிறகே எடை மெல்ல முன்னால் வர வேண்டும். வளைந்த முழங்கால் இரண்டாம் கால்விரல் நோக்கும் திசையிலேயே இருக்க வேண்டும், விரல் நுனியைத் தாண்டக் கூடாது. தாயார் முதல் சில மாதங்களுக்கு உயரமாகவே நிற்கட்டும். தாழ்ந்து நிற்பதுதான் தேர்ச்சி என்று வகுப்பில் யாரேனும் சொன்னால், கேட்டுக்கொண்டு உயரமாகவே நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி (ஈப்போ): 24 அசைவுகளை மனப்பாடம் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. காலையில் கால் மணி நேரம்தான் கிடைக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: பாதுவான்ஜின் என்னும் எட்டு அசைவுப் பயிற்சி உங்களுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. சொங் வம்சக் காலத்திலிருந்து எழுத்தில் காணப்படும் இப்பயிற்சியைச் சீன அரசு 2000களின் தொடக்கத்தில் சீரமைத்து, எல்லோரும் ஒரே மாதிரி செய்யும்படி வெளியிட்டது. அந்த வரிசை ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். நான்கடி இடம் போதும், நின்ற இடத்திலேயே செய்யலாம்.

முதல் அசைவில் இரு கைவிரல்களையும் வயிற்றுக்கு முன்னால் கோத்து, மார்பு வரை உயர்த்தி, உள்ளங்கைகளைத் திருப்பி வானத்தைத் தாங்குவதுபோல் மேலே தள்ள வேண்டும். பலர் இங்கே தோள்களைக் காது வரை தூக்கி, மூச்சையும் பிடித்துக்கொள்கிறார்கள். கை உயரும்போது மூச்சு உள்ளே வரட்டும், இறங்கும்போது வெளியே போகட்டும். தோள் தளர்ந்தே இருக்கட்டும். இரண்டாவதில் குதிரைமேல் அமர்ந்தவர்போல் கால்களை அகட்டி, வில்லை வளைத்துக் கழுகைக் குறிவைக்கிறோம். நாளெல்லாம் கணினிக்கு முன்னால் கூனி உட்கார்ந்திருப்பவருக்கு எட்டில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. ஒரு கையை மேலேயும் மறு கையைக் கீழேயும் அழுத்துவது மூன்றாவது. கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது நான்காவது.

ஐந்தாவதும் ஆறாவதும் எச்சரிக்கைக்கு உரியவை. ஐந்தாவதில் தலையும் இடுப்பும் வட்டமாகச் சுழல்கின்றன; தலைச்சுற்றல் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். ஆறாவதில் குனிந்து பாதத்தைத் தொட வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தமோ, முதுகுத் தட்டுப் பிதுக்கமோ, எலும்பு மெலிவு நோயோ இருப்பவர்கள் தொடையைத் தடவி முழங்கால் வரை இறங்கினால் போதும். ஏழாவதில் கைமுட்டியை இறுக்கிக் கண்ணை அகல விழித்துக் குத்துகிறோம். குதிகால்களை உயர்த்தி ஏழு முறை பொத்தென்று இறக்குவதோடு எட்டாவது முடிகிறது. அந்த ஏழு அதிர்வுகளில் நூறு நோய்கள் ஓடும் என்று அதன் சீனப் பெயரிலேயே இருக்கிறது; நோய் ஓடுகிறதோ இல்லையோ, கெண்டைக்கால் தசை வலுப்பெறுகிறது.

கேள்வி (பினாங்கு): ச்சி என்னும் உயிராற்றல் உடலில் ஓடுகிறது என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்பாமல் செய்தால் பலன் உண்டா?

பதில்: உண்டு. ச்சியை எந்தக் கருவியும் அளந்ததில்லை. கால் வலுவையும் சமநிலையையும் அளக்க முடியும், அவை கூடுகின்றன.

கேள்வி (உட்லண்ட்ஸ்): என் கணவருக்கு நீரிழிவு. சீன நண்பர்களைப் பார்த்துத் தினமும் காலையில் வெள்ளரிசிக் கஞ்சியும் ஊறுகாய்க் காயும் சாப்பிடுகிறார். வயிற்றுக்கு இதம் என்கிறார். சரிதானா?

பதில்: வயிற்றுக்கு இதம் என்பது உண்மை; இரத்தச் சர்க்கரைக்கு இதம் அன்று. அரிசி கரையும் வரை வேகவைக்கும்போது மாவுச்சத்து எளிதில் செரிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது, சர்க்கரையும் அதே வேகத்தில் ஏறுகிறது. வட சீனாவில் வீட்டுக்கு வீடு காலையில் காய்ச்சுவது தினைக் கஞ்சி. நம் குறிஞ்சி நிலத்துப் பாட்டுகளில் கிளி ஓட்டிக் காக்கப்படும் அதே தினைதான் அது, அங்கு பல்லாயிரம் ஆண்டுகளாக விளைகிறது. தினையும் கரையக் கரைய வெந்தால் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும் என்பதால், பாசிப்பயறு சேர்த்துக் கெட்டியாக வேகவைத்து, ஒரு முட்டையோ தோஃபுவோ ஒரு கைப்பிடி கீரையோ கூட்டி, சிறிய கிண்ணமாகச் சாப்பிடட்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்துப் பார்த்தால், அவர் உடலுக்கு எவ்வளவு ஒத்துவருகிறது என்பது கருவியிலேயே தெரிந்துவிடும்.

கஞ்சியைவிட எனக்குக் கவலை தருவது அந்த ஊறுகாய்க் காய். சீன உணவு முறையைப் புகழ்வோர் பேசாமல் கடந்துவிடும் இடம் உப்பு. 2022இல் வந்த சீன உணவு வழிகாட்டி நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாற்றிலேயே 2 கிராமுக்கு மேல் போய்விடும். சீன ஊர்ப்புறங்களில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், சமையல் உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றியதால் மட்டும் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. எந்த மூலிகைக் கஷாயத்துக்கும் இவ்வளவு தெளிவான சான்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீரிழிவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்வோருக்கும் பொட்டாசியம் ஆபத்து. உங்கள் கணவர் மாற்று உப்பை வாங்குமுன் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) கேட்டேயாக வேண்டும்.

அதே வழிகாட்டி நாளுக்குப் பன்னிரண்டு வகை, வாரத்துக்கு இருபத்தைந்து வகை உணவுப்பொருள்களைச் சேர்க்கச் சொல்கிறது. பருப்பு, காய், கீரை என்று சமைக்கும் வீட்டில் இது கடினமே அன்று, எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (கிள்ளான்): நாள் முழுவதும் வெந்நீர் குடித்தால் கொழுப்பு கரையும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே?

பதில்: கரையாது. காய்ச்சிய நீரைக் குடிக்கும் பழக்கம் சீனாவில் ஊன்றக் காரணம் நீரால் பரவும் நோய்கள். 1950களின் சுகாதார இயக்கங்கள் அதை வீடுதோறும் கொண்டுபோயின. வெந்நீர்க் குடுவை இல்லாத வீடோ அலுவலகமோ அங்கு அரிது. இனிப்புப் பானத்தை விட்டுவிட்டு வெந்நீர் குடிப்பவர் எடை குறைந்தால், அந்தப் பெருமை விட்டுவிட்ட சர்க்கரைக்கே உரியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. நாக்கைச் சுடாத சூடே போதும்.

கேள்வி (ஜொகூர் பாரு): டுரியான் சூடு, மங்குஸ்தான் குளிர்ச்சி, ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்கிறார்கள் சீன நண்பர்கள். நாமும் சூடு, குளிர்ச்சி பார்ப்பவர்கள்தாமே?

பதில்: பார்வை நெருக்கமானது. நண்டோடு இஞ்சி சேர்ப்பதும், கோடையில் பாசிப்பயற்று நீர் குடிப்பதும், வறட்டு இருமலுக்குப் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துத் தருவதும் அவர்கள் வீட்டு வழக்கம். கேடில்லாத இந்த வழக்கங்களைத் தாராளமாகப் பின்பற்றலாம். மங்குஸ்தான் சாப்பிட்டதால் டுரியானின் சர்க்கரையும் கொழுப்பும் குறைந்துவிடப்போவதில்லை.

கேள்வி (பீஷான்): என் தந்தை இதய வால்வு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்கிறார். உறவினர் ஒருவர் கோஜி என்னும் சிறிய சிவப்புப் பழமும் தங்குய் என்னும் சீன மூலிகை வேரும் போட்ட சூப் செய்து தருகிறார். இயற்கைப் பொருள்தானே என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. தங்குய், தான்ஷென் ஆகிய சீன மூலிகை வேர்கள் வார்ஃபரினின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். கோஜி குறித்தும் இத்தகைய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. சூப்பை இன்றே நிறுத்திவிட்டு, இதுவரை எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, இரத்த உறைவுச் சோதனையை முன்கூட்டியே செய்யச் சொல்லுங்கள். உறவினரின் அன்பை மறுக்கத் தயங்கினால், மருந்துச் சீட்டைக் காட்டிவிடுங்கள்.

இயற்கை என்ற சொல்லை நம்பிக் கெட்டவர்கள் பலர். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி கலந்திருந்ததே காரணம். தமிழ்நாட்டு மூலிகையான ஆடுதின்னாப்பாளையும் இந்த இனத்தைச் சேர்ந்தது. அதிமதுரம் சீன மருந்துகள் பலவற்றில் சேர்கிறது. நாள்கணக்கில் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். நொதிக்கவைத்துச் சிவந்த சிவப்பு ஈஸ்ட் அரிசியில் இருப்பது, கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மாத்திரையில் உள்ள அதே பொருள் என்பதால், கொழுப்பு மாத்திரையோடு அதையும் எடுத்துக்கொள்வது இரட்டை அளவு எடுப்பதாகிவிடும். தாங் வம்சக் காலத்து மருத்துவர் சுன் சிமியாவ், முதலில் உணவால் சரிசெய்யப் பார்த்து, அது பலிக்காதபோதே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று எழுதினார். மருந்தையே சூப்பில் போடுவது அவர் சொன்ன வழி அன்று.

கேள்வி (தெம்பனிஸ்): இரவில் வெந்நீரில் கால் ஊறவைக்கிறேன். எனக்கும் சர்க்கரை நோய் உண்டு. தொடரலாமா?

பதில்: பாதத்தில் உணர்வு குறைந்திருந்தால் வேண்டாம், கொப்பளித்த பிறகே சூடு தெரியவரும். உணர்வு நன்றாக இருந்தால், நீரைப் பாதத்தால் பார்க்காமல் வெப்பமானியால் பார்த்து, 40 டிகிரிக்குள் வைத்து, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். விரலிடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, அப்போதே புண் ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.