கரண்ட் வைப்பதுதான் பிசியோதெரபியா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. முழங்கால் தேய்மானம் என்று எலும்பு மருத்துவர் சொல்லி, பத்து நாள் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். தினமும் ஆட்டோ பிடித்துப் போய் வந்தோம். முதலில் ஒத்தடம், அப்புறம் முட்டியில் பட்டைகளை ஒட்டி இருபது நிமிடம் கரண்ட். அவ்வளவுதான். சாயங்காலம் வரை தேவலை, மறுநாள் காலையில் பழைய வலி. என் தம்பி, “இது காசு வாங்கிக்கொண்டு செய்யும் மசாஜ். இதற்குப் புத்தூர் கட்டே மேல்” என்கிறான். பிசியோதெரபிக்கு அறிவியல் அடிப்படை உண்டா? செய்கிறவர் டாக்டரா, டெக்னீஷியனா? சரியானவரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– சேலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்கள் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. பத்து நாளும் அம்மா படுத்திருந்தார், மெஷின் வேலை செய்தது. அதைப் பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும்? நானும் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆறு கட்டில், ஆறு மெஷின், ஒரு டைமர் என்று ஓடிக்கொண்டிருந்தவன்தான். ஒரு பெரியவர் கிளம்பும்போது, “தம்பி, நாளைக்கும் இதே ஸ்விட்ச்தானே? இதை வாங்கி வீட்டிலேயே வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். மூட்டுத் தேய்மானத்துக்குக் கரண்ட் வைப்பது முக்கியமான சிகிச்சையே இல்லை. பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ அமைப்பு, ஐஎஃப்டி, டென்ஸ் என்ற கரண்ட் முறைகள், அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை, லேசர் எதையும் இதற்குத் தர வேண்டாம், பலன் தரும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2022-லேயே எழுதிவிட்டது. அதே நெறிமுறை எல்லா நோயாளிக்கும் தரச் சொல்வது உடற்பயிற்சியை. கையால் மூட்டை இளக்கும் சிகிச்சையைக்கூடப் பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது. ஆக, அம்மாவுக்குக் கிடைத்தது பிசியோதெரபியின் ஓரத்தில் இருக்கும் ஒரு துண்டு. நடுவில் இருப்பது கிடைக்கவே இல்லை.

நடுவில் என்ன இருக்கிறது? அசைவு. மனிதர் எப்படி அசைகிறார், அது எங்கே கெடுகிறது, எதைச் செய்தால் திரும்பும் என்பதுதான் இந்தத் துறையின் பாடம்.

முதலில் இந்த ‘தேய்மானம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பாதிக் கெடுதல் அதனால்தான். தேய்மானம் என்றதும் சைக்கிள் டயர் ஞாபகம் வருகிறது; ஓட ஓடத் தேயும், ஓட்டாமல் வைத்தால் மிஞ்சும். அதனால் அம்மா மாடிப்படி ஏறுவதை விட்டிருப்பார், கீழே உட்காருவதை விட்டிருப்பார், கோலம் போடுவதுகூட நின்றிருக்கலாம். ஆனால் முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு உயிருள்ள திசு. பெரியவர்களுக்கு அதில் ரத்தக்குழாய் கிடையாது. பாரம் விழும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, மூட்டுத் திரவத்திலிருந்துதான் சத்தை எடுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிற மூட்டு.

இரண்டாவது, தொடைத் தசை. முட்டியில் வலியோ வீக்கமோ இருந்தால், முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை நரம்பு மண்டலம் தானாகவே குறைத்துவிடும். அம்மா சோம்பேறித்தனமாக இருக்கிறார் என்று அர்த்தமில்லை. தசையை முழுசாக இறுக்க அவரால் முடியவில்லை. தசை மெலிகிறது, முட்டி தாங்க ஆளில்லாமல் ஆடுகிறது, வலி கூடுகிறது, மறுபடி தசை மெலிகிறது. இந்தச் சுற்றை உடைக்கத்தான் பிசியோதெரபிஸ்ட். எலும்புக்கும் இதே கதைதான். பாரத்துக்குத் தக்கபடி எலும்பு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் குறைகிறது.

சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? நிறையவே. அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி, மறுபாதிக்குக் கைச்சிகிச்சையும் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து வலியும் முடக்கமும் குறைவாக இருந்தது பிசியோதெரபி பக்கம். 2020-இல் வந்த ஆய்வு இது. பிசியோதெரபி ஆய்வுகளைத் திரட்டி இலவசமாகத் தரும் ‘பெட்ரோ’ என்ற தொகுப்பு 1999 முதல் சிட்னியிலிருந்து வருகிறது. ஆயிரக்கணக்கான சோதனைகள் அதில் இருக்கின்றன. கரண்ட் மெஷினைக் கைவிடச் சொன்னதும் இதே வகைச் சோதனைகள்தான். தன் பழைய கருவியையே தப்பு என்று சொல்லும் துறையை அறிவியல் என்று நம்பலாம் என்பது என் கட்சி.

மசாஜ் என்று தம்பி சொன்னதில் ஒரு வரலாறும் ஒளிந்திருக்கிறது. லண்டனில் 1894-இல் மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபசாரம் நடப்பதாகப் பெரிய பரபரப்பு. முறையாக மசாஜ் செய்துவந்த நான்கு செவிலியர்கள், தங்கள் தொழிலின் பெயரைக் காப்பாற்ற அந்த வருடமே ஒரு சங்கம் தொடங்கினார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் யார் உடம்பிலும் கை வைப்பதில்லை என்பது அவர்கள் போட்ட விதிகளில் ஒன்று. மரியாதை வந்தது, கூடவே, சீட்டில் எழுதியதை அப்படியே செய்கிறவர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அதற்கும் முன்னால், 1813-இல், ஸ்டாக்ஹோமில் பேர் ஹென்ரிக் லிங் என்ற சுவீடன்காரர் தொடங்கிய பயிற்சிக்கூடம் உடற்பயிற்சியை மருந்தாகக் கொடுத்தது. அப்புறம் முதல் உலகப்போரில் கை கால் போன சிப்பாய்களும் போலியோ பாதித்த குழந்தைகளும் இந்தத் துறையை வளர்த்தார்கள்.

‘நாங்கள் யார்’ என்ற கேள்வி மட்டும் தீரவில்லை. கெட்டுப்போன அசைவைப் பற்றிய அறிவியல்தான் நம் அடித்தளம் என்று ஹெலன் ஹிஸ்லாப் என்ற பிசியோதெரபிஸ்ட் 1975-இல் அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் மேடையில் வாதிட்டார். சீட்டு இல்லாமலும் நோயாளி நேரே வரலாம் என்று ஆஸ்திரேலியா 1976-இல் விதியை மாற்றியது. இருந்தும், அசைவு மண்டலமே எங்கள் அடையாளத்தின் மையம் என்று அமெரிக்கச் சங்கம் அறிவிக்க 2013 ஆகிவிட்டது. இதயத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் மாதிரி அசைவுக்கு நாங்கள். எனக்கு ஒப்புதலான விளக்கம் இது.

டாக்டரா, டெக்னீஷியனா என்றால், இரண்டும் இல்லை. மருந்து எழுதுவதோ அறுவை செய்வதோ எங்கள் வேலை இல்லை; அதே சமயம் யாரோ எழுதியதை மெஷினில் ஓட்டுவதும் எங்கள் வேலை இல்லை. பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடலாமா என்று 2025-இல் டெல்லி வரை சண்டை நடந்தது. அதில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது படிப்பு. சுவரில் பிபிடி (பிசியோதெரபி இளநிலை) அல்லது எம்பிடி (முதுநிலை) பட்டம் இருக்கிறதா, எந்தப் பல்கலைக்கழகம் என்று பாருங்கள். நான் படித்த காலத்தில் பிபிடி நான்கு வருடமும் ஆறு மாதப் பயிற்சியும். 2021-இல் வந்த மத்தியச் சட்டம் பிசியோதெரபிஸ்டைத் தனித் தொழில்முறையாளராக அங்கீகரித்து, பதிவுக்கும் வழி செய்திருக்கிறது. பதிவு பற்றிக் கூச்சமில்லாமல் கேளுங்கள். ஆறு மாதச் சான்றிதழ் வைத்திருப்பவரும் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொள்ளலாமே!

பட்டத்தை விடவும் முதல் அரை மணி நேரம் அதிகம் சொல்லிவிடும். உங்கள் அம்மா என்னிடம் வந்தால், கட்டிலுக்கே போகமாட்டோம். வாசலிலிருந்து நடந்து வருவதைப் பார்ப்பேன்: எந்தக் காலில் சீக்கிரம் எடையை எடுக்கிறார், உட்காரும்போது கடைசியில் பொத்தென்று விழுகிறாரா. எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்பேன். “பஸ் படி ஏற முடியலை” என்றால், அந்தப் படிதான் எங்கள் இலக்கு. அப்புறம் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கைகளை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டச் சொல்லி, 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுவேன். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி தரும் கணக்குப்படி, 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் கால் வலு சராசரிக்குக் குறைவு. இடுப்பையும் கணுக்காலையும் பார்ப்பேன். முட்டியில் வலிக்கும் ஆளுக்குக் கோளாறு இடுப்பில் இருப்பதும் உண்டு.

வீட்டுக்கு முதல் வாரம் இரண்டே பயிற்சிதான். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ண வேண்டும், பத்துத் தடவை. இன்னொன்று, நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டி, கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுவேன். பிறகு படி ஏறுவது, கையில் எடை. பாரம் கூடிக்கொண்டே போகவில்லை என்றால் தசைக்கு வேலையே இல்லை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை, வராவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், பத்து நாளில் யாராலும் முடியாது.

புத்தூர் கட்டை இதில் இழுக்க வேண்டாம். அது எலும்பு முறிவுக்கென்று வந்தது. அம்மாவின் முட்டிக்கு இப்போது தேவை கட்டல்ல, அவிழ்ப்பு.

ஒரே எச்சரிக்கை. முட்டி திடீரென்று வீங்கிச் சூடாகிக் காய்ச்சல் வந்தாலோ, விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, மூட்டு பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

மற்றபடி, இன்று சாயங்காலமே அந்த நாற்காலிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, நீங்கள் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். வந்த எண்ணைக் காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்து எந்த பிசியோதெரபிஸ்டிடம் போனாலும் அந்த எண்ணைச் சொல்லி, “இதை எப்படிக் கூட்டுவீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் அவர் மெஷின் பக்கம் திரும்பினால், ஆட்டோவை அனுப்பிவிடாதீர்கள்.