ஜனவரியில் பிறந்த பிள்ளை படிப்பிலும் விளையாட்டிலும் பின்தங்குமா?

தரம் 2 இல் படிக்கும் உங்கள் மகன் ஜனவரிக் கடைசியில் பிறந்தவன், எழுத்திலும் ஓட்டத்திலும் பின்னிற்கிறான், பிறந்த மாதம் இதற்குக் காரணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: காரணமாகும், ஆனால் கிரக நிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலங்கையில் ஜனவரி 31 அன்று ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையே அவ்வாண்டு தரம் 1 இல் சேர்க்கப்படுகிறது. ஆகவே பெப்ரவரி தொடக்கத்தில் பிறந்த பிள்ளை ஏறக்குறைய ஆறு வயதோடு வகுப்புக்கு வர, ஜனவரிக் கடைசியில் பிறந்த பிள்ளை ஐந்து வயது நிரம்பிய கையோடு வந்து அதே வாங்கில் அமர்கிறது. அந்த வயதில் ஓராண்டு என்பது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. முதலாந் தவணையில் பென்சிலைப் பொத்திப் பிடித்து, 'அ' வைச் சுழிப்பதற்குள் தாள் கிழியும்படி அழுத்துகிற பிள்ளைகளின் பிறந்த திகதியை இடாப்பிற் பார்த்தால், பெரும்பாலும் டிசெம்பர், ஜனவரி என்றே இருக்கும். ஏடு தொடக்க நல்ல நாள் பார்க்கிற நாங்கள் இந்த ஜனவரி 31 ஐ மட்டும் பார்ப்பதில்லை.

விளையாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கனடாவின் பனி ஹொக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் மிக அதிகம் என்பதை றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1985 இல் எழுதினார்கள். அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1 இலிருந்து எண்ணப்படுகிறது. உங்கள் மகன் ரொறன்ரோவில் பிறந்து ஹொக்கி ஆடியிருந்தால் அணியின் மூத்த பிள்ளைகளில் ஒருவனாக இருந்திருப்பான். மூத்த பிள்ளை சற்று உயரமாகவும் பலமாகவும் இருப்பதால் தெரிவாகிறது. தெரிவானதால் கூடுதல் பயிற்சியும் போட்டிகளும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அது உண்மையாகவே திறமையான வீரனாகிவிடுகிறது. பெல்ஜியத்தில் 1997 இல் இளையோர் உதைபந்தாட்டத்தின் வயதெல்லைத் திகதி ஓகஸ்ட் 1 இலிருந்து ஜனவரி 1 க்கு மாற்றப்பட்டபோது, ஓகஸ்டில் பிறந்தவர்களுக்கு இருந்த வாய்ப்பு ஜனவரியில் பிறந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதகம் பார்ப்பவர்கள் இதற்கு என்ன விளக்கம் தருவார்களோ தெரியாது.

படிப்பில் இந்த இடைவெளி வயது ஏற ஏறக் குறையும். செப்டெம்பர் 1 ஐ எல்லையாகக் கொண்ட இங்கிலாந்தில், வகுப்பில் மிக இளையவர்களான ஓகஸ்ட் பிள்ளைகள் சராசரியாகக் குறைந்த புள்ளி பெறுகிறார்கள். பதினாறு வயதிலும் வேறுபாடு மறைவதில்லை, ஆனால் சிறுத்துவிடுகிறது. எங்களூரில் எனக்கு உறுத்துவது புலமைப்பரிசில் பரீட்சைதான். இடைவெளி முற்றாகக் குறையுமுன்னரே, பத்து வயதில், ஏறக்குறைய ஓராண்டு வேறுபட்ட பிள்ளைகளை ஒரே வெட்டுப்புள்ளியால் பிரித்துவிடுகிறோம்.

இவையெல்லாம் சராசரிக் கணக்குகள். ஜனவரிப் பிள்ளைகள் முதலிடம் எடுப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்கள் மகனை முன்வாங்குப் பிள்ளையோடு ஒப்பிடாமல், அவனுடைய சென்ற தவணைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'மந்தம்' என்ற சொல் அவன் காதில் விழ விடாதீர்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் தெரிவாகாவிட்டாலும் மாலையில் மைதானத்துக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டாம். வகுப்பாசிரியரிடம் அவன் பிறந்த திகதியை ஒருமுறை நினைவூட்டுங்கள். நாற்பது பிள்ளைகளுள்ள வகுப்பில் அது எங்களுக்கு எளிதில் மறந்துபோகும்.