ஓலைக் கூரைக்குள் கட்டைவிரல் அளவு வௌவால்

கேள்வி: உச்சிப்புளி அருகே தென்னந்தோப்பும் சில ஆடுகளும் வைத்திருக்கிறேன். ஆட்டுக் கொட்டகையின் பனையோலைக் கூரைக்குள் கட்டைவிரல் அளவில் வௌவால்கள் அடைகின்றன. ஆலமரத்தில் தொங்கும் பெரிய வௌவாலின் குட்டிகள் என்கிறார்கள். வளர்ந்தால் ஆட்டு இரத்தம் குடிக்குமா? ஓர் ஆட்டின் காதில் இரத்தக்கறை இருந்தது. மருந்து அடித்து விரட்டலாமா ஐயா?

பதில்: மருந்து வேண்டவே வேண்டாம். நீங்கள் பார்ப்பவை குட்டிகள் அல்ல. அவை இதற்கு மேல் வளரப்போவதும் இல்லை. பூச்சி தின்னும் சிறு வௌவால்களாகத்தான் இருக்க வேண்டும். நம் நாட்டில் இவற்றில் மிகச் சிறிய இனம் முழு வளர்ச்சி அடைந்தும் 2 முதல் 4 கிராம் எடைதான். கையில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்ததுபோல் இருக்கும். தலையும் உடலும் சேர்ந்து ஏறக்குறைய 4 செ.மீ. ஆலமரத்துப் பழந்தின்னியோ ஒரு கிலோவைத் தாண்டும். அதன் குட்டி பிறக்கும்போதே இதைவிடப் பல மடங்கு கனம். அதுவும் தாயின் மார்பைப் பற்றியபடி மரத்தில் வெட்டவெளியில் தொங்குமே தவிர, ஓலை இடுக்கில் புகாது.

எடையை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லிவிட முடியாது. சிறிய உடல் சூட்டை வேகமாக இழக்கும். அதை ஈடுகட்ட நிறையத் தின்றாக வேண்டும். அந்தியில் வெறும் வயிற்றோடு கிளம்புவதும், இரை தின்று திரும்புவதும் ஒரே எடையில் இருக்காது. சினையாக இருந்தால் கணக்கு இன்னும் மாறும். அதனால்தான் ஆய்வாளர்கள் முன்கை எலும்பை அளக்கிறார்கள். நான் சொன்ன இனத்தில் அது 3 செ.மீ. அளவுக்குள் அடங்கும். உலகிலேயே மிகச் சிறிய வௌவால் தாய்லாந்திலும் மியான்மரிலும் இருக்கிறது. சுமார் 2 கிராம். நம்முடையது அதைவிட அதிகம் பெரியதல்ல.

இரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு. ஆட்டின் காதில் முதலில் உண்ணியைத் தேடுங்கள். மேய்ச்சலில் சீமைக் கருவேல முள் கீறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கொட்டகையில் கிடக்கும் புழுக்கை எலியுடையதோ என்ற சந்தேகம் வந்தால், காய்ந்த ஒன்றைக் குச்சியால் நசுக்குங்கள். பூச்சிச் சிறகுத் துணுக்குகள் மினுங்கப் பொடியாக உதிர்ந்தால் வௌவால்தான். தீவனத் தொட்டியை மட்டும் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

கொசு, சிறு அந்துப்பூச்சி, சிறு வண்டுகளை இவை இரவில் பிடிக்கும். ஆனால் தென்னையைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டே இந்த வௌவால் நீளம் இருக்கும்; அதை எங்கே பிடிப்பது? குருத்திடுக்கில் கம்பிக் கொக்கி விட்டு வண்டை எடுக்கும் வேலை உங்களுடையதுதான்.

எப்படியும் வெளியேற்றியே ஆக வேண்டும் என்றால், அவை வெளிவரும் இடுக்கின் மேல்விளிம்பில் ஒரு துணியைக் கட்டி, அடிப்பக்கம் தளர்வாகத் தொங்க விடுங்கள். கீழ்வழியாக வெளியேறும்; திரும்ப நுழைய வழி கிடைக்காது. சில இரவுகள் கழித்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று உறுதியானபின் இடுக்கை அடைத்துவிடுங்கள். பறக்காத குட்டிகள் இருந்தால் அவை பறக்கும்வரை துணியே கட்டாதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் குட்டிகள் பட்டினியில் செத்துக் கூரையே நாறும்.

கீழே விழுந்து கிடப்பதை வெறுங்கையால் தொடக் கூடாது, குறிப்பாகப் பிள்ளைகள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.