ஏடிஎச்டி மாத்திரை முன்பு போல் கேட்கவில்லை, உடம்புக்குப் பழகிவிட்டதா?

எட்டு மாதமாக மெத்தில்ஃபெனிடேட் எடுக்கிறேன், முதல் மாதம் இருந்த தெளிவு இப்போது இல்லை, அளவைக் கூட்டலாமா, நடுவில் சில நாள் நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். 34 வயதில்தான் எனக்கு ஏடிஎச்டி (கவனம் ஓரிடத்தில் நிலைக்காத கோளாறு) என்று தெரிந்தது. நாலு வருடமாக இதே மருந்து. ஏறக்குறைய உங்களைப் போலவே எட்டாவது மாதத்தில் இதே கேள்வியோடு தவித்தேன். அதனால் எழுதுகிறேன்.

அந்த முதல் மாதத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை தொடங்கிய நாலாவது நாள், இரண்டு மாதமாகத் தொடாமல் கிடந்த ஒரு பார்ட்டியின் பில்களை எடுத்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது மூன்று மணி நேரம் போயிருந்தது, கணக்கு ஒரு ரூபாய் பிசகாமல் நேராகியிருந்தது. பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இத்தனை வருடம் எல்லோருக்கும் இப்படித்தான் மண்டைக்குள் அமைதியாக இருந்ததா என்று நினைத்து வந்த அழுகை அது. அந்தப் பரவசம் ஆறேழு வாரத்தில் வடிந்துவிட்டது. அது வடிந்ததைத்தான் மருந்தே வடிந்துவிட்டதாக நான் எடுத்துக்கொண்டேன். பிறகு என் டாக்டர் கேட்ட ஒரு கேள்வி இன்றும் நினைவிருக்கிறது: “சந்தோஷம் குறைஞ்சிருக்காம்மா, வேலை குறைஞ்சிருக்கா?” யோசித்துப் பார்த்தால் அந்த எட்டு மாதமும் ஒரு ரிட்டர்ன்கூடத் தேதி தாண்டவில்லை. அதற்கு முந்தைய வருடத்தில் லேட் ஃபீஸ் கட்டாத மாதம் அபூர்வம். நீங்களும் இந்தக் கேள்வியை முதலில் உங்களிடம் கேட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் வரும் அந்த உற்சாகம் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். அதை மறுபடி பிடிக்க வேண்டும் என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதுதான் உண்மையான ஆபத்து.

ஏனென்றால் நான் கூட்டினேன். டாக்டரிடம் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு 10 மில்லிகிராம், மதியம் பன்னிரண்டுக்கு 10 மில்லிகிராம் என்பதுதான் சீட்டில் இருந்தது. நாலு மணிக்கு நானாக இன்னொன்று போட ஆரம்பித்தேன். “மாத்திரை ஒடம்புக்குப் பழகிப் போச்சு கண்ணு, அதான்” என்று அம்மாவும் சொன்னதில் அது சரி என்றே பட்டது. பன்னிரண்டு நாள் ஓடியது. ராத்திரி இரண்டு மணிக்குக்கூடத் தூக்கம் இல்லை. பேனா பிடித்தால் கை லேசாக நடுங்கியது. ஒருநாள் பக்கத்து கிளினிக்கில் பிபி பார்த்தபோது 150க்கு 96. மாதக் கடைசியில் ஆறு நாளுக்கு மாத்திரை இல்லை. மருந்துக்கடைத் தம்பி, “தேதி ஆகலைங்க அக்கா, குடுக்க முடியாதுங்க” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. இந்தியாவில் இந்த மருந்து ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மருந்துச்சீட்டு இரண்டு பிரதியாக எழுதப்பட வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அந்த ஆறு நாள் நான் பட்ட பாட்டில், டாக்டரிடம் நடந்ததை அப்படியே ஒத்துக்கொண்டேன். திட்டுவார் என்று பயந்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னார்.

நோட்டில் ஐந்தே ஐந்து விஷயம்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை காபி, எத்தனை மணி நேரத் தூக்கம், எந்த நேரத்தில் கவனம் கலைந்தது. கூடவே மாதவிலக்குத் தேதி. ஆறு வாரம் எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோது மருந்து ‘கேட்காத’ நாட்கள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை, கும்பலாக இருந்தன. ஒரு கும்பல் 17 முதல் 21 வரை. 20ஆம் தேதி 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அந்த வாரம் நான் தூங்கியது நாலு மணி நேரம், குடித்தது ஐந்து காபி. நாலு மணி நேரத் தூக்கத்தை எந்த மாத்திரையாலும் ஈடுகட்ட முடியாது. இன்னொரு கும்பல் மாதவிலக்குக்கு முந்தைய நாலைந்து நாள். ஏடிஎச்டி உள்ள பெண்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இறங்கும் நாட்கள் அவை, கவனத்தில் பங்குள்ள டோபமைன் என்ற மூளை ரசாயனத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. இதை நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். எழுதியதால் தெரிந்தது.

மூன்றாவது, தினமும் வரும் நாலு மணி. அதில் இரண்டு விஷயம் கலந்திருந்தது. சாதாரண மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை மூன்று முதல் நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். பன்னிரண்டு மணிக்குப் போட்டது நாலு மணிக்குத் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதற்குப் பழக்கம் என்று பெயர் இல்லை. கூடவே, மருந்தால் பசி தெரியாமல் மதியச் சாப்பாட்டை நான் விட்டுவிடுவேன். வெறும் வயிற்றோடு நாலு மணிக்கு வரும் மந்தத்துக்கும் மாத்திரையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு மணிக்கு அலாரம் அடிக்கும். பசித்தாலும் பசிக்காவிட்டாலும் தயிர்சாத டப்பாவைத் திறந்துவிடுவேன்.

டாலரன்ஸ், அதாவது மருந்து உடம்புக்குப் பழகிப்போவது, என்பதே கட்டுக்கதை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே நாளுக்குள் வரும் பழக்கம் நிஜமாகவே உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜேம்ஸ் ஸ்வான்சன் குழு குழந்தைகளிடம் இதைப் பார்த்து 1999இல் எழுதியது. மருந்தின் அளவு ரத்தத்தில் நாள் முழுக்க ஒரே மட்டமாக இருக்கும்படி கொடுத்தால், மாலைக்குள் பலன் குறைந்துவிட்டது. அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும்படி கொடுத்தால் பலன் குறையவில்லை. 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கான்செர்டா மாத்திரை இந்த யோசனையில் செய்யப்பட்டதுதான். மேல் பூச்சில் இருக்கும் 22 சதவீத மருந்து உடனே கரையும். மிச்சம், உள்ளே நீர் புகுந்து தள்ளத் தள்ள, நாள் ஏற ஏற அதிகமாக வெளியே வரும். (கூடு கரையாமல் மலத்தோடு வந்துவிடும். முதல் தடவை பார்த்தால் பயப்பட வேண்டாம்.) என்னையும் டாக்டர் இப்படி நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைக்கு மாற்றினார். முதலில் 18, பிறகு 36 மில்லிகிராம். நாலு மணிப் பிரச்சினை அதோடு பெருமளவு தீர்ந்தது.

மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வரும் பழக்கம் வேறு கதை. 2013இல் ஜீன்-ஜாக் வாங் குழு வெளியிட்ட ஆய்வில், 18 பெரியவர்கள் ஒரு வருடம் இந்த மருந்து எடுத்த பிறகு, டோபமைனைத் திரும்ப உள்ளே இழுக்கும் புரதத்தின் அளவு மூளையின் சில பகுதிகளில் 24 சதவீதம் கூடியிருந்தது. இந்த மருந்து அடைத்து வைப்பதே அந்தப் புரதத்தைத்தான். ஆக, மூளை எதிர்த்து ஈடுசெய்யப் பார்க்கிறது என்று எண்ண இடமுண்டு. ஆனால் 18 பேர்தான். இன்னொரு பக்கம், நெதர்லாந்தில் இரண்டு வருடத்துக்கும் மேலாக மருந்து எடுத்த 94 சிறுவர் சிறுமியரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் வெற்று மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். அப்படி மாற்றப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் மோசமானார்கள். மருந்தைத் தொடர்ந்தவர்களில் சுமார் 16 சதவீதம்தான். 2019இல் வந்த ஆய்வு இது. வருடங்கள் கழித்தும் பலருக்கு மருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது என்பதும், சிலருக்கு அது இனித் தேவைப்படாமல் இருக்கலாம் என்பதும் இரண்டுமே இதில் இருக்கிறது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பும் வருடத்துக்கு ஒரு தடவையாவது மருந்து தேவையா என்று பார்க்கச் சொல்கிறது.

நிறுத்திப் பார்ப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாக்டரிடம் பேசி, இரண்டு வருடம் முன்பு பொங்கல் விடுமுறையில் நாலு நாள் விட்டேன். முதல் நாள் முழுக்கத் தூக்கம், எதைப் பார்த்தாலும் எரிச்சல். இரண்டாம் நாள் ஸ்கூட்டர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குள் போய்விட்டேன். அதன்பின் அந்த நாலு நாளும் வண்டியைத் தொடவில்லை. மறுபடி தொடங்கியபோது இரண்டு நாள் மாத்திரை கூர்மையாகத் தெரிந்தது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. எடையும் பசியும் கவலையாக இருந்தால் இடைவெளி உதவலாம். பழக்கத்தை உடைக்கும் வழியாக எனக்கு அது உதவவில்லை. செய்வதென்றால் டாக்டருக்குத் தெரிந்து, வண்டி ஓட்டவோ கெடு முடிக்கவோ வேண்டாத நாட்களில் செய்யுங்கள்.

அப்புறம், வைட்டமின் சி, ஆரஞ்சு ஜூஸ் எல்லாம் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும் என்று இணையத்தில் நிறையப் படித்திருப்பீர்கள். அது ஏடிஎச்டிக்கான இன்னொரு மருந்தான ஆம்ஃபெட்டமைன் எடுப்பவர்களின் பேச்சு. சிறுநீரில் அமிலம் கூடினால் ஆம்ஃபெட்டமைன் சீக்கிரம் வெளியேறும். நம் மாத்திரையைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி உடைக்கிறது, அதனால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. எலுமிச்சை சாதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

டாக்டரைப் பார்க்கும்போது “கேட்கவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறு வார நோட்டை நீட்டுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டு பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லுங்கள். எனக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, இரும்புச்சத்து மாத்திரைக்குப் பிறகு சோர்வு குறைந்தது. மனம் கனத்துக் கிடந்தால் அதையும் மறைக்காதீர்கள். மனச்சோர்வும் கவனத்தைத்தான் முதலில் தின்னும். இதெல்லாம் பார்த்த பிறகும் பலன் குறைவு என்றால் அளவை மாற்றுவது, மாத்திரை வகையை மாற்றுவது, அடோமாக்செடின் போல வேறு மருந்து என்று அவரிடம் வழிகள் இருக்கின்றன. நெஞ்சு வலி, மயக்கம், நிற்காத படபடப்பு வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.

நான் இரண்டரை வருடமாக அதே 36இல்தான் இருக்கிறேன். 20ஆம் தேதி வாரத்தில் இப்போதும் தடுமாறுகிறேன். ஆனால் அந்த வாரம் வரும் முன்பே பாதி பில்களை முடித்துவிட்டு, பதினொரு மணிக்கு லைட்டை அணைத்துவிடுகிறேன்.