மதியம் இரண்டு மணிக்கு ஆலயம் காலியாகத்தானே இருக்கிறது?

கேள்வி: திருப்பூரில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள் நான். ஓய்வு பெற்ற ஆசிரியை. சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் இருக்கிறேன். ஒரு காலத்தில் 200 குடும்பங்கள் இருந்த சபையில் இன்று 70தான் மிச்சம். பிள்ளைகள் பெங்களூரு, துபாய் என்று போய்விட்டார்கள். என் மகன் லண்டனில் இருக்கிறான். ஆலயம் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறக்கும், பக்கத்து ஹால் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கும். போன மாதம் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஜார்க்கண்ட், ஒடிசா பிள்ளைகள் சிலர் வந்து, ஞாயிறு மதியம் இந்தியில் ஆராதனை நடத்த இடம் கேட்டார்கள். எங்கள் போதகரான ஆயருக்குச் சம்மதம். கமிட்டியில் பாதிப் பேர், "ஆலயம் அழுக்காகும், மேளம் அடிப்பார்கள், நாளைக்குச் சொத்தில் பங்கு கேட்பார்கள்" என்கிறார்கள். எங்கள் ஊழியமோ வருடத்துக்கு ஒரு அசனம் என்னும் பொது விருந்து, கிறிஸ்துமஸுக்கு நாலு பேருக்குச் சேலை என்று சுருங்கிவிட்டது. என்ன செய்யலாம்?
– வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

கொடுங்கள். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களுக்கும் அந்த எண்ணம்தான் என்று தெரிகிறது. கமிட்டியில் பேசத் துணைக்கு நாலு வார்த்தைதான் தேடுகிறீர்கள்.

நான் வளர்ந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு பனங்காட்டுக் கிராமம். எங்கள் ஆலயமும் பள்ளிக்கூடமும் ஒரே கட்டடம். வாரம் ஐந்து நாள் அங்கே வாய்ப்பாடு கேட்கும், ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனை கேட்கும். சபை ஊழியரான உபதேசியார்தான் வாத்தியார். சனிக்கிழமை சாயங்காலம் கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பது எங்கள் வேலை. எவ்வளவு துடைத்தாலும் பீட விரிப்பில் சாக்பீஸ் தூள் கொஞ்சம் இருக்கும். திருவிருந்து கொடுக்கும்போது ஆயர் அங்கியின் கையிலும் அது ஒட்டியிருக்கும். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. தென்மாவட்டக் கிராமங்களில் சபை வேரூன்றிய விதமே இதுதான். ஆலயத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று பூட்டி வைக்கும் பழக்கம் நடுவில் வந்தது.

அழுக்கு, மேளம் இரண்டும் சின்ன விஷயம். துடைப்பம் இருக்கிறது, நேரம் பேசிக்கொள்ளலாம். மேளம் என்று கமிட்டியினர் சொல்வது அநேகமாக மாந்தராக இருக்கும், மண்ணால் செய்து தோல் கட்டிய மத்தளம். கர்நாடக ராகத்தில் மிருதங்கம் வைத்துக் கீர்த்தனை பாடுகிற நாம் அதைக் கேட்டுக் கலங்க வேண்டியதில்லை.

சொத்துப் பயம் மட்டும் உண்மையான பயம். அதைக் கேலி செய்யாமல் உட்கார்ந்து பேசுங்கள். சி.எஸ்.ஐ. ஆலயங்களின் சொத்து பெரும்பாலும் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது. உங்கள் கமிட்டி நினைத்தாலும் யாருக்கும் எழுதிக் கொடுத்துவிட முடியாது. 12 வருடம் இருந்துவிட்டால் இடம் அவர்களுடையது என்ற பேச்சும் கமிட்டியில் எழும். அந்தச் சட்டம், உரிமையாளருக்கு எதிராக இடத்தைத் தன்னுடையது என்று வைத்திருப்பவருக்கானது. நீங்கள் அனுமதி கொடுத்து ஒருவர் பயன்படுத்தினால் அது அதில் சேராது. ஆகவே வாய்ப்பேச்சோடு விடாமல், ஒரு வருடத்துக்கான அனுமதிக் கடிதம் எழுதுங்கள். கிழமை, நேரம், சாவி யாரிடம், கழிப்பறையை யார் கழுவுவது, ஒலிபெருக்கி எத்தனை மணி வரை, எல்லாம் அதில் இருக்கட்டும். வருடா வருடம் புதுப்பியுங்கள். கையெழுத்துக்கு முன் உங்கள் வட்டாரச் சபைகளுக்கெல்லாம் தலைமையான திருமண்டல அலுவலகத்துக்கு அனுப்பி, அவர்களுடைய வக்கீல் ஒரு முறை பார்க்கட்டும். வாடகை என்ற சொல் வேண்டாம். கரன்ட் பில்லில் ஒரு பங்கை அவர்கள் தரட்டும், சும்மா விட்டுவிடாதீர்கள். அந்தப் பங்கைக் கொடுக்கும்போது அவர்களும் நிமிர்ந்து நிற்பார்கள். அவர்கள் எடுக்கும் காணிக்கை அவர்களுடையது, அதில் கை வைக்கக் கூடாது.

உங்கள் மகனைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு எங்கே போகிறாய்?" லண்டனில் பல தமிழ்ச் சபைகளுக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. காலையில் ஆங்கில ஆராதனை முடிந்த ஏதோ ஒரு ஆலயத்தில், மதியம் நம் பிள்ளைகள் கூடிப் பாடுகிறார்கள். வெவ்வேறு திருச்சபைகள் ஒரே கட்டடத்தை முறைப்படி பகிர்ந்துகொள்ள அங்கே 1969லேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. நம் பிள்ளைக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். திருப்பூரில் அந்தச் சாவி உங்கள் கையில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், பிழைக்கப் போன இடத்தில் சபையைத் தேடியவர்கள் நாமும்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் சனங்களுக்காகக் கண்டியில் 1854இல் ஒரு ஊழியம் தொடங்கினார்கள். அதற்குத் 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் கடல் தாண்டிப் போனார்கள். கூலி என்ற அந்தச் சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும். இன்று 'இந்திக்காரப் பசங்க' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகும்போதும் அதே கனம் வருகிறது.

அந்தப் பிள்ளைகள் யார் என்று உங்கள் சபைக்குச் சொல்லுங்கள். ராஞ்சிக்கு 1845இல் ஜெர்மன் மிஷனரிகள் வந்தார்கள். அங்கே வளர்ந்த கோஸ்னர் லுத்தரன் சபை 1919இல் தன் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது. ஆகவே வந்து நிற்பவர்களில் பலர் நாலைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்களாக இருக்கலாம். அவர்களில் உராவ் என்ற பழங்குடி இனத்தவர் இருந்தால், வீட்டில் பேசுவது குடுக் மொழியாக இருக்கும். அது திராவிட மொழி. நம் பல்லுக்கு அவர்களும் பல் என்பார்கள், கண்ணுக்கு ஃகன் என்பார்கள். முன்வரிசைப் பாட்டிமார் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பிள்ளையை இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் கமிட்டியில் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

சரி, ஊழியத்துக்கு வருகிறேன். அசனத்தையும் சேலையையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றில் நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்குகிறார்கள், அடுத்த வருடம் வரை ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இந்த முறை திட்டம் போடுவதற்கு முன்னால் கேளுங்கள். ஒன்றரை ஷிப்டு முடித்து லைன் வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்பது கமிட்டி மேசையில் தெரியாது. என் அனுபவத்தில் முதலில் வருவது காகிதச் சிக்கல். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு, ஆனால் அட்டை வந்ததா என்று பலருக்கே தெரியாது. ஊர் ரேஷன் கார்டை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம், அதுவும் தெரியாது. ஆறு முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையை, டி.சி. இல்லை என்று சொல்லி அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்லி, கூடவே தலைமையாசிரியர் அறை வரை நடந்துபோக ஓர் ஆள் வேண்டும். 30 வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்த அறை பழகிய இடம்தானே!

இன்னொன்று, தமிழ். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, சம்பளச் சீட்டு இவற்றைப் படிக்கும் அளவுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? பூட்டிக் கிடக்கும் அந்த ஹால், ஞாயிறு நாலு மணி, ஒரு கரும்பலகை போதும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பயத்தில் பலர் ஊருக்கு ரயில் ஏறினார்களே, நினைவிருக்கும். அந்த வாரம் நம்பிப் போய்க் கேட்க ஒரு தமிழ் டீச்சரின் போன் நம்பர் இருந்திருந்தால் எத்தனை பேர் தங்கியிருப்பார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இந்த ஹால் வேலை எல்லோருக்குமாக இருக்கட்டும். பீகாரிலிருந்து வந்த இந்துப் பிள்ளையும், வங்காளத்திலிருந்து வந்த முஸ்லிம் பிள்ளையும் வந்தால் அதே பெஞ்சில் உட்காரட்டும். அங்கே பிரசங்கம் வேண்டாம், துண்டுப்பிரதி வேண்டாம். உதவியைத் தூண்டிலாக்கினால் அந்தப் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இந்த வருட அசனத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு குழம்பு அவர்கள் கைப்பக்குவமாக இருக்கட்டும், பந்தியில் கலந்து உட்காருங்கள், கழுவும்போதும் கலந்து கழுவுங்கள். கொஞ்ச நாளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு சபையும் சேர்ந்து திருவிருந்து எடுக்கலாமா என்று ஆயரிடம் கேளுங்கள். நம் தென்னிந்தியத் திருச்சபையே 1947 செப்டம்பர் 27ஆம் தேதி ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு மரபுகளில் வந்தவர்கள் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஒன்றாக எழுந்து நின்றதால் உண்டானது. "அவங்க வேற சபை" என்று யாராவது கமிட்டியில் சொன்னால் இந்தத் தேதியை நினைவுபடுத்துங்கள்.

கமிட்டி கூடுவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அந்தப் பிள்ளைகள் இப்போது எங்கே கூடி ஜெபிக்கிறார்கள் என்று கேட்டு, வருகிற ஞாயிறு அங்கே போய் அவர்களோடு தரையில் உட்காருங்கள். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவரையும் கையோடு அழைத்துப் போங்கள். அவர்கள் என்ன பாடினார்கள், உங்களோடு வந்தவர் திரும்பும் வழியில் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.