பேரன் கை நடுங்குகிறது, தோஷமா?

கேள்வி: விபத்தில் இடுப்பில் அடிபட்ட என் மகள், டிராமடால் வலி மாத்திரையை விடமுடியாமல் மாசமாக இருந்தபோதும் போட்டிருக்கிறாள். ஏழாம் மாதம்தான் எங்களுக்கே தெரிந்தது. டாக்டர் அதை நிறுத்தி, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்தார். மதுரை பெரியாஸ்பத்திரியில் பையன் பிறந்தான். மூன்றாம் நாளே நடுக்கம், வீறிட்ட அழுகை. பத்து நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்னும் சரியாகத் தூங்குவதில்லை. தோஷம் என்கிறார்கள், கழுதைப்பால் ஊற்றச் சொல்கிறார்கள். பிள்ளையும் போதைக்கு அடிமையா? தாய்ப்பால் தரலாமா?
- உசிலம்பட்டி வாசகி

பதில்: அடிமையெல்லாம் இல்லை அம்மா, அந்த வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல விடாதீர்கள். தொப்புள்கொடி வழியாக வந்துகொண்டிருந்த மருந்து, கொடியை வெட்டியதும் நின்றுபோனது, பழகிய உடம்பு தவிக்கிறது, அவ்வளவுதான். தும்மல், கொட்டாவி, தண்ணியாகப் போவது எல்லாம் இதில் சேர்த்திதான். சில வாரங்களில் அடங்கும், லேசான சிணுங்கல் சில மாதம்கூட இருக்கலாம்.

இதற்கு முதல் மருந்து அமைதி. டியூப் லைட்டை அணையுங்கள், டிவியை அணையுங்கள், பிள்ளை பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள் (கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்). நைந்த சுங்குடிச் சேலையில் கைகளை நெஞ்சோடு சேர்த்துச் சுற்றுங்கள், கால் பக்கம் தளர்வாக இருக்கட்டும், நம்மூர் வெயிலுக்கு ஒரு சுற்றே போதும். அதைவிட நல்லது, தாயின் வெற்று நெஞ்சில் படுக்கவைப்பது. தூங்கியதும் மல்லாக்கப் போடுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

தாய்ப்பால் தரலாமா? நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் போடுகிறவரை, அவரும் சரி என்றால் தாராளமாக, அதில் நடுக்கம்கூடக் குறையும். பழைய மாத்திரையைத் திருட்டுத்தனமாகத் தொட்டால் மட்டும் பாலை நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பிள்ளை பிறந்துவிட்டதே என்று மகளும் மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பழையது தேடி வரும். ராத்திரி முழுக்க அழும் பிள்ளையோடு அவளைத் தனியாக விடாதீர்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் தூக்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்லுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது, அரசின் மனநல உதவி எண்.

மந்திரித்த விபூதியை நெற்றியில் பூசுவதில் எனக்கொன்றுமில்லை, வாயில் போடாதீர்கள். கழுதைப்பால், வசம்பு, தேன் எதுவும் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். நடுங்கும் கையை மெதுவாகப் பிடித்தால் நடுக்கம் நிற்க வேண்டும். பிடித்தும் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. அப்படியானாலும், உதடு நீலமானாலும், காய்ச்சல் வந்தாலும், பால் குடிக்காமல் துவண்டாலும் உடனே 108.

வாராவாரம் எடை பாருங்கள். சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மகள் முடிவு, ஆனால் எடை பார்க்கிற நர்ஸம்மாவிடம் மாத்திரை விஷயத்தை மறைக்காதீர்கள்.